பெயின்ட்டுக்கு அடியில் தெரியும் நெசவு

கேள்வி: என் காரின் எஃகு பானெட்டை மாற்றிவிட்டுக் கார்பன் ஃபைபர் பானெட் பொருத்தி, கறுப்புப் பெயின்ட் அடித்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பகல் முழுவதும் கார் வெயிலில்தான் நிற்கிறது. இப்போது மாலை வெயில் சாய்வாக விழும்போது, பெயின்ட்டுக்கு அடியில் பாய் முடைந்ததுபோல் கட்டங்கள் தெரிகின்றன. கார்பன் ஃபைபர் கெடத் தொடங்கிவிட்டதா? மறுபடியும் பெயின்ட் அடித்தால் போதுமா?
– வாசகர், கோவை.

பதில்: இழை கெடவில்லை. கார்பன் இழைக்கு வெயிலும் மழையும் ஒரு பொருட்டல்ல. வெயிலுக்கு இளகுவது, அந்த இழைகளைப் பிணைத்திருக்கும் எபாக்சி பிசின். சூடு ஏறும்போது இழை நீளவாக்கில் ஏறக்குறைய விரிவதே இல்லை. பிசினோ அலுமினியத்தைப் போல இருமடங்குக்கு மேல் விரியும். நெசவில் பாவும் ஊடும் ஏறி இறங்கும் இடங்களில் சிறு பள்ளங்கள் உண்டு. அவற்றில் பிசின் தடித்துத் தேங்கியிருக்கும். அறைச் சூட்டில் மட்டுமே இறுகவிடப்பட்ட பல எபாக்சிகள் 60 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். கறுப்பு பானெட்டோ உச்சி வெயிலில் 70 டிகிரியை எளிதில் தாண்டும், கீழிருந்து என்ஜின் சூடு வேறு. பட்டறையில் பாதியில் நின்றுபோன இறுகல் இப்படி உங்கள் காரின் மேலேயே நடந்து முடிகிறது. அப்போது பிசின் தடித்த இடங்கள் கூடுதலாகச் சுருங்கி, மேலுள்ள பெயின்ட்டையும் உள்ளே இழுத்துக்கொள்கின்றன.

ஆகவே மேலே இன்னொரு பூச்சு அடிப்பது வீண் செலவு; அடுத்த கோடையில் கட்டங்கள் திரும்ப வரலாம். பானெட்டைக் கழற்றி, பிசின் தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்குப் படிப்படியாகச் சூடேற்றி முழுமையாக இறுகவிட்ட பிறகே, உப்புத்தாளால் தேய்த்துச் சமன்செய்து, பிரைமரும் பெயின்ட்டும் அடிக்க வேண்டும். இழை வெளியே தெரியுமளவுக்குத் தேய்த்துவிடக் கூடாது. பழைய பெயின்ட்டை எடுக்க ரிமூவர் திரவத்தைத் தடவ ஒருவர் முன்வந்தால் தடுத்துவிடுங்கள். அது எபாக்சியையும் அரிக்கும்.

புற ஊதாக் கதிரைப் பற்றி உங்களுக்கு அதிகக் கவலை வேண்டாம். நெசவு தெரியட்டும் என்று நிறமில்லாத மேல்பூச்சான கிளியர் கோட்டோடு மட்டும் விடுபவர்களுக்குத்தான் அது தலைவலி. அந்தப் பூச்சு தேய்ந்ததும் எபாக்சி மஞ்சளித்து, கை வைத்தால் சுண்ணாம்புபோல் பொடி ஒட்டும். உங்கள் பானெட்டில் கறுப்பு நிறமியே பிசினுக்குக் குடைபிடிக்கிறது. கார் பூச்சுகளைச் சோதிப்பவர்கள் ஈரவெயிலுக்கு ஃபுளோரிடாவிலும் வறண்ட வெயிலுக்கு அரிசோனாவிலும் தகடுகளை ஆண்டுக்கணக்கில் காயவைக்கிறார்கள். உங்கள் கார் நிற்கும் இடம் அதைக் கட்டணமின்றிச் செய்து கொடுத்துவிட்டது.

பானெட்டைக் கழற்றும்போது கீல்களையும் பாருங்கள். கார்பன் மின்சாரத்தைக் கடத்துவதால், அதனோடு நேரடியாக ஒட்டியிருக்கும் அலுமினியம் மழைநீர் பட்டால் விரைவாக அரிக்கப்பட்டுவிடும். போல்ட்டைச் சுற்றி வெண்பொடி பூத்திருந்தால், திரும்பப் பூட்டும்போது இடையில் நைலான் வாஷர் வைக்கச் சொல்லுங்கள்.