முலாம் மங்கிய பிரெஞ்சுக் கடிகாரத்தைத் துலக்கலாமா?

கேள்வி: பாரிஸில் வசிக்கிறேன். நெப்போலியன் காலத்தது என்று சொல்லி விற்ற, தங்க முலாம் பூசிய வெண்கல மேசைக் கடிகாரம் ஒன்றை ஏலத்தில் எடுத்தேன். உருவங்களின் முகமும் ஆடையும் மங்கலாக இருக்கின்றன, இடுக்கெல்லாம் கறுப்பு. பித்தளை பாலிஷ் போடலாமா?

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். பாலிஷில் உள்ள நுண்துகள்கள் அழுக்கோடு தங்கத்தையும் சுரண்டிவிடும்.

அதோடு, மங்கலெல்லாம் அழுக்கல்ல. அக்காலப் பாரிஸ் கைவினைஞர்கள் முகத்தையும் ஆடையையும் வேண்டுமென்றே பளபளப்பில்லாமல் (மேட்) விட்டு, இலை விளிம்பு, வளையம் போன்றவற்றை மட்டும் அகேட் என்னும் கடினமான வழவழப்புக் கல்லால் தேய்த்து மின்ன வைத்தார்கள். மேட் முலாமில் பேர்போனவர் பியேர் கூத்தியேர் (1732–1813). பாலிஷ் போட்டால் இந்த வேறுபாடே அழிந்து, எல்லாம் ஒரே பளபளப்பாகிவிடும். கரும்பழுப்பு உருவங்கள் இருந்தால், அதுவும் பெரும்பாலும் வேண்டுமென்றே ஏற்றிய நிறம்தான்.

அந்தத் தங்கத்துக்குக் கொடுத்த விலையும் பெரிது. தங்கத்தைப் பாதரசத்தில் குழைத்துப் பூசி நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகித் தங்கம் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவியால் தொழிலாளர்களுக்குக் கைநடுக்கம் வந்தது. வெண்கலக் கலைஞர் ராவ்ரியோ, இதற்குத் தீர்வு காண்பவருக்கென்று 3,000 பிராங்க் உயில் எழுதி வைத்தார். புகையை வெளியேற்றும் உலையை வடிவமைத்த வேதியியலாளர் தார்சே 1818-இல் அந்தப் பரிசைப் பெற்றார். முலாமில் பாதரசம் இன்னும் கொஞ்சம் தங்கியிருக்கலாம். எக்காரணம் கொண்டும் சூடுகாட்டாதீர்கள்.

ஊசலைக் கழற்றிவிட்டு, பழைய கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து இயந்திரத்தையும் டயலையும் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். பிறகு, டிஸ்டில்ட் வாட்டரில் ஒன்றிரண்டு சொட்டு மென்மையான திரவ சோப்பு கலந்து, பஞ்சை நனைத்துப் பிழிந்து, பின்பக்கத்தில் ஒரு மூலையில் சோதியுங்கள். பஞ்சில் பொன்னிறம் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இல்லையென்றால் ஒற்றி ஒற்றித் துடைத்து, வெறும் நீரில் நனைத்த பஞ்சால் மறுபடி துடைத்து, உடனே உலர்த்துங்கள். அம்மோனியா, எலுமிச்சை, வினிகர் எதுவும் கூடாது. போகாத கரும்புள்ளி தங்கத்துக்கு அடியிலிருந்து கிளம்பும் செம்பு அரிப்பாக இருக்கலாம். அதை வெண்கலப் பாதுகாப்பு நிபுணரிடம் விடுங்கள்.

கடிகாரம் உண்மையில் எந்தக் காலத்தது என்பதையும் ஒருமுறை சரிபாருங்கள். அக்காலக் கடிகாரங்களில் ஊசல் பெரும்பாலும் பட்டுநூலில் தொங்கும். டயலில் 12-க்கு மேல் சாவி நுழையும் சிறு துளை இருந்தால், அது பின்னாளில் வந்த ப்ரோகோ அமைப்பு (ஊசலை எஃகுப் பட்டையில் தொங்கவிட்டு, முன்பக்கத்திலிருந்தே சாவியால் வேகத்தைச் சரிசெய்வது): ஒன்று கடிகாரமே பிந்தியது, அல்லது யாரோ மாற்றியிருக்கிறார்கள். உங்களுடையதில் பட்டுநூல் இருந்து அது அறுந்திருந்தால், புதுப் பட்டுநூலே கட்டச் சொல்லுங்கள்.