மலை ஏறினால் பவர் ஸ்டீயரிங் கனத்துப்போகிறது: ஓஸும் கூலரும் தனியாகச் செய்து போடலாமா?

கேள்வி கேட்டவரின் வண்டி பழைய டீசல் ஜீப். சாதா ஸ்டீயரிங்காக இருந்ததை, உடைக்கப் போன வண்டி ஒன்றின் பம்ப்பும் ஸ்டீயரிங் பாக்ஸும் வாங்கிப் பவர் ஸ்டீயரிங்காக மாற்றியிருக்கிறார். டயரும் கம்பெனி அளவைவிடப் பெரியது. ஊருக்குள் ஒரு குறையும் இல்லை. மலையில் பாதி தூரம் ஏறியதும் ஸ்டீயரிங் கனக்கிறது, பம்ப் கத்துகிறது, பவர் ஸ்டீயரிங் எண்ணெய் ஊற்றும் டப்பாவில் எண்ணெய் நுரைத்து மூடி வழியாக வருகிறது. ஸ்டீல் பின்னல் ஓஸ் போட்டு, எண்ணெயை ஆறவைக்க ஒரு கூலரும் வைத்தால் சரியாகுமா என்று கேட்கிறார்.

கூலர் கட்டாயம் வையுங்கள். பாக்ஸிலிருந்து எண்ணெய் டப்பாவுக்குத் திரும்பும் ரிட்டர்ன் ஓஸையும், டப்பாவிலிருந்து பம்ப்புக்கு வரும் ஓஸையும் மாற்றுங்கள். பம்ப்பிலிருந்து பாக்ஸுக்கு அழுத்தத்தோடு எண்ணெய் கொண்டுபோகும் பிரஷர் ஓஸை மட்டும் ஸ்டீல் பின்னலுக்கு மாற்றாதீர்கள். பொள்ளாச்சிப் பக்கம் இதே மாதிரி மாற்றிய ஜீப்பை வைத்துக்கொண்டு வால்பாறை ஏறி இறங்குகிறவன் என்பதால், காரணத்தோடு சொல்கிறேன்.

முதலில் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். என்ஜின் ஓடும் வரை பம்ப் எண்ணெயைத் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். நேராகப் போகும்போது அழுத்தம் சில பார்தான் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு), அதனால் சூடும் கொஞ்சம்தான். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையில் 70. அந்த வளைவுகளில், பெரிய டயரோடு, வேகமே இல்லாமல் முழுசா ஒடிக்கும்போது அழுத்தம் 80, 100 பார் வரை போகும். நிமிடத்துக்கு 8 லிட்டர் எண்ணெயை 100 பாரில் தள்ளுவதாக வைத்துக் கணக்குப் போடுங்கள். 1,300 வாட் சொச்சம் வரும். வாளித் தண்ணீரைக் காயவைக்கும் ராடு அளவுக்கு இது ஒரு சக்தி. ஆனால் இங்கே இருப்பது ஒரு வாளி தண்ணீர் இல்லை, மொத்தமே ஏறக்குறைய ஒரு லிட்டர் எண்ணெய். சக்கரம் கடைசி வரை திரும்பி இடித்து நின்ற பிறகும் ஸ்டீயரிங்கை விடாமல் பிடித்திருந்தால், அந்த 1,300 வாட்டும் சூடாகத்தான் மாறும். விநாடிக்கு முக்கால் டிகிரி வீதம் ஏறும். பத்து விநாடி பிடித்தால் ஏழெட்டு டிகிரி. அடுத்த வளைவு வருவதற்குள் அது முழுசாக ஆறாது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பெரும்பாலான பம்ப்புகளில் அழுத்தம் எல்லை மீறினால் திறக்கும் வால்வு பம்ப்புக்குள்ளேயே இருக்கிறது. ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடித்துப் பிடித்திருக்கும்போது எண்ணெய் பாக்ஸுக்குப் போய்த் திரும்புவதில்லை, பம்ப்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் காய்கிறது. அந்த நேரத்தில் எவ்வளவு பெரிய கூலர் வைத்திருந்தாலும் அதன் வழியாக எண்ணெய் ஓடாது. ஆகவே இடித்து நின்றதும் ஸ்டீயரிங்கை ஒரு விரல் அளவு திருப்பி விட்டுவிடுங்கள். பம்ப்பின் கத்தல் அந்த நொடியே அடங்குவது காதுக்குத் தெரியும். வண்டி திரும்பும் அளவில் வித்தியாசமே தெரியாது. பைசா செலவில்லாமல் பாதிச் சூட்டை இதிலேயே தவிர்க்கலாம் என்பது என் அனுபவம்.

சரி, கனத்துப்போவது ஏன்? எண்ணெய் சூடானால் நீர்த்துப்போகும். பம்ப்புக்குள் இருக்கும் தகடுகள் தேய்ந்திருந்தால், நீர்த்த எண்ணெய் அந்த இடைவெளி வழியாகப் பின்னாலேயே நழுவிவிடும், அழுத்தம் ஏறாது. குளிர்ந்த நிலையில் ஸ்டீயரிங் நன்றாக இருந்து, சூடானதும் ஐடிலில் மட்டும் கனத்து, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்தால் லேசாகிறது என்றால் பம்ப் போய்விட்டது என்று அர்த்தம். உங்களுடையது உடைத்த வண்டியின் பம்ப் என்பதால் இதை முதலில் பாருங்கள். தேய்ந்த பம்ப்புக்கு எந்த ஓஸும் உதவாது. பெல்ட் நழுவினாலும் இதே அறிகுறிதான். திருப்பும்போது கிறீச்சென்று சத்தம் வந்தால் பெல்ட்டை இறுக்கிப் பார்த்துவிட்டு மேலே யோசியுங்கள்.

நுரை வேறு கதை. சூட்டால் மட்டும் நுரை வராது, எங்கோ காற்று உள்ளே போகிறது. டப்பாவுக்கும் பம்ப்புக்கும் நடுவே உள்ள தடித்த ஓஸில் உறிஞ்சல் இருக்கிறது. அங்கே கிளிப் தளர்ந்திருந்தால் எண்ணெய் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே நுழையும். கசிவு இல்லையே என்று எல்லோரும் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் வண்டியில் கழற்றிய பழைய ஓஸைப் பிளேடால் நீளவாக்கில் கீறிப் பார்த்தேன். வெளியே வழவழப்பாக நன்றாகத்தான் இருந்தது. உள்ளே கிளிப் உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் வட்டமாக வெடிப்பு, விரலால் தடவினால் கறுப்புத் துகள் ஒட்டியது. அந்தத் துகளெல்லாம் பம்ப்புக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

இனி கூலர். அது ரிட்டர்ன் பக்கம் மட்டுமே வர வேண்டும், அதாவது பாக்ஸிலிருந்து வெளியே வரும் எண்ணெய் டப்பாவுக்குப் போகும் வழியில். பிரஷர் பக்கம் வைத்தால் கூலர் பிளந்துவிடும். மலை வண்டிக்கு ரேடியேட்டருக்கு முன்னால்தான் சரியான இடம். சக்கர வளைவுக்குள்ளோ பம்பருக்கு அடியிலோ வைத்தால் நெடுஞ்சாலையில் காற்று கிடைக்கும். முதல் கியரில் ஊர்ந்து ஏறும்போது கிடைக்காது. ரேடியேட்டருக்கு முன்னால் இருந்தால் வண்டி நின்றாலும் என்ஜின் ஃபேன் காற்றை இழுத்துக் கொடுக்கும். பெரிய கூலர் தேவையில்லை, ஒரு நோட்டுப் புத்தக அளவு போதும். பெரிதாக வைத்து ரேடியேட்டர் காற்றை மறைத்தால் என்ஜின் சூடாகும். உள்வழி குறுகலாக இருக்கக் கூடாது என்பதுதான் முக்கியம். ரிட்டர்னில் எதிர் அழுத்தம் கூடினால் பாக்ஸின் மேல் சீல் வழியாக எண்ணெய் கசிய ஆரம்பிக்கும். ஃபிரிட்ஜ் காப்பர் பைப்பைச் சுருட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம். டீசல் என்ஜின் அதிர்வில் காப்பர் இறுகி, வளைவில் விரிசல் விடும். சூடான எண்ணெய் சைலென்சர் மேனிஃபோல்டில் சொட்டினால் தீப்பிடிக்கும்.

பிரஷர் ஓஸுக்கு வருவோம். ஸ்டீல் பின்னலுக்குள் டெஃப்லான் குழாய் உள்ள ஓஸ் பார்க்க நன்றாக இருக்கும், 200 டிகிரி சூட்டையும் தாங்கும். ஆனால் அது விரியாது. கம்பெனி பிரஷர் ஓஸின் ரப்பர் வேண்டுமென்றே கொஞ்சம் விரிகிற மாதிரி செய்யப்பட்டது. பம்ப் எண்ணெயைச் சீராகத் தள்ளுவதில்லை, துடிப்புத் துடிப்பாகத் தள்ளுகிறது. அந்தத் துடிப்பை ரப்பர் வாங்கிக்கொள்கிறது. பல ஓஸ்களுக்குள் இதற்காகவே ஒரு மெல்லிய உள்குழாய்கூட இருக்கும். விரியாத ஓஸ் போட்டால் அந்தத் துடிப்பு நேராக ஸ்டீயரிங் சக்கரத்துக்கு வரும். நின்ற இடத்தில் ஒடிக்கும்போது கை அதிரும், உறுமல் கேட்கும். ரேஸ் வண்டிக்குப் பரவாயில்லை. குடும்பத்தோடு மலை ஏறுகிற ஜீப்புக்கு அது தேவையில்லாத தொல்லை.

அதற்குப் பதிலாக நான் செய்யச் சொல்வது இது: பழைய ஓஸின் இரண்டு முனையிலும் உள்ள இரும்புக் குழாய்களை அப்படியே வைத்துக்கொண்டு நடு ரப்பரை மட்டும் மாற்றுங்கள். ஜேசிபிக்கும் டிராக்டருக்கும் ஹைட்ராலிக் ஓஸ் பிரஸ் அடித்துத் தரும் கடை கோவை, சேலம், பொள்ளாச்சி எங்கும் இருக்கிறது. கண் முன்னாலேயே வெட்டி, முனை மாட்டி, பிரஸ்ஸில் வைத்து அமுக்கித் தருவார்கள். ஆனால் போனதும் ஓஸ் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். கையில் கிடைப்பதை எடுத்து வெட்ட விடாதீர்கள். 3/8 அங்குல 1எஸ்என் ஓஸ் (ரப்பருக்குள் ஒரு அடுக்குக் கம்பி) 180 பார் தாங்கும், 2எஸ்என் (இரண்டு அடுக்கு) 330 பார். அழுத்தத்துக்கு 1எஸ்என்னே தாராளம். இடறுவது சூட்டில்தான்: சாதாரண ஹைட்ராலிக் ஓஸுக்கு 100 டிகிரிதான் எல்லை. “அண்ணா, ஜேசிபிக்கே இதுதான் போடுறோம்” என்பார்கள். ஜேசிபியில் பெரிய எண்ணெய்த் தொட்டி இருக்கிறது, நம்மிடம் ஒரு லிட்டர்தான் இருக்கிறது. பவர் ஸ்டீயரிங்குக்கென்றே வரும் அதிகச் சூடு தாங்கும் ஓஸைக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் வரவழைக்கச் சொல்லிக் காத்திருங்கள்.

மரை விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ஹைட்ராலிக் கடையில் அங்குல மரை அதிகம், நம் பம்ப்புகளில் பெரும்பாலும் மில்லிமீட்டர் மரை. 14 மில்லிமீட்டர் போல்ட்டும் 9/16 அங்குல நட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கையால் ஒன்றிரண்டு சுற்று லொடலொடவென்று போய், அப்புறம் பிடிக்கும். அங்கே ஸ்பேனரைப் போட்டு இறுக்கினால் மரை அரைந்துபோகும். பம்ப்பையே கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய், கையால் முழுதும் சுற்றிப் பார்த்து அடாப்டர் வாங்குவதுதான் நல்லது. காப்பர் வாஷர் உள்ள இடங்களில் பழையதை மறுபடி போடாதீர்கள்.

ஓஸை மாட்டும் வழியில் இரண்டு விஷயம். என்ஜின் மவுண்ட் ரப்பர் மேல் ஆடும், ஸ்டீயரிங் பாக்ஸ் சேசிஸில் ஆடாமல் இருக்கும். அதனால் ஓஸ் விறைப்பாக இருக்கக் கூடாது, கொஞ்சம் தொய்வு விடுங்கள். மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் போக வேண்டியிருந்தால் சூடு தாங்கும் உறை போட்டு, ரப்பர் வைத்த கிளிப்பால் சேசிஸோடு பிடித்துவிடுங்கள். மாட்டுவதற்கு முன் கம்ப்ரசர் காற்று அடித்து, கொஞ்சம் புது எண்ணெய் ஊற்றிக் கழுவுங்கள். வெட்டிய இடத்தின் ரப்பர் தூளும் கம்பித் துணுக்கும் ஓஸுக்குள் கிடக்கும், பாக்ஸின் வால்வில் போய் மாட்டினால் ஸ்டீயரிங் ஒரு பக்கமே இழுக்கும்.

எண்ணெய், பம்ப் எந்த வண்டியுடையதோ அதன் கையேட்டில் சொன்னதுதான். பழைய பம்ப்புகள் பலவற்றுக்கு ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு ஊற்றும் சிவப்பு ஏடிஎஃப் எண்ணெய்தான். அவசரத்துக்குக்கூட பிரேக் ஆயில் ஊற்றாதீர்கள், சீல் எல்லாம் ஊதிப் போகும்.

ஏர் எடுப்பதில்தான் பலர் பொறுமை இழக்கிறார்கள். முன் சக்கரங்களை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமலேயே ஸ்டீயரிங்கை இடமும் வலமும் மெதுவாகத் திருப்புங்கள். டப்பாவில் குமிழி வரும், அளவு இறங்கும், ஊற்றுங்கள், மறுபடி திருப்புங்கள். குமிழி நின்ற பிறகுதான் ஸ்டார்ட். கூலர் புதிதாகச் சேர்ந்திருப்பதால் வழக்கத்தைவிட நேரமாகும். ஸ்டார்ட் செய்ததும் எண்ணெய் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் நிறுத்திவிட்டு அரை மணி நேரம் விடுங்கள்.

முதல் முறை மலை ஏறும்போது பாதியில் நிறுத்தி டப்பாவைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடிந்தால் கூலர் வேலை செய்கிறது. பிரஸ் அடித்த முனைகளில் ஈரம் இருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பாருங்கள். வண்டியில் எப்போதும் ஒரு லிட்டர் எண்ணெய், ஒரு முழம் ரிட்டர்ன் ஓஸ், நாலு கிளிப் இருக்கட்டும். பிரஷர் ஓஸே வெடித்துவிட்டால் அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை. பம்ப் பெல்ட் தனியாக இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, கனத்த ஸ்டீயரிங்கோடு மெதுவாக இறங்கி வரலாம். அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது என்றால் கழற்ற முடியாது, வண்டியைக் கட்டித்தான் இழுக்க வேண்டும். உங்கள் வண்டியில் எது என்று இன்றைக்கே பானட்டைத் திறந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.