நிர்வாகத்தில் நமக்கு என்ன இடம்? கேளுங்கள், சொல்கிறேன்

அம்பத்தூர் எஸ்டேட்டில் 14 வருடம் ஒர்க்ஸ் கமிட்டியில், அதாவது நிர்வாகமும் தொழிலாளரும் சேர்ந்து உட்கார்ந்து பேசும் குழுவில், தொழிலாளர் தரப்பில் உட்கார்ந்தவன் நான். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி: அண்ணே, ஒரகடத்தில் 60 பேர் வேலை செய்கிறோம். ஒர்க்ஸ் கமிட்டி கேட்கலாமா?

அதற்கு 100 பேராவது வேண்டும் தம்பி, அரசு உத்தரவும் வேண்டும். ஆனால் 20 பேர் இருந்தாலே குறைதீர்க்கும் குழு வைத்தாக வேண்டும், 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் இது இருக்கிறது. அதிகபட்சம் 10 பேர், இரு தரப்பும் சரிபாதி. பலரும் கவனிக்காத ஒன்று: பெரும்பான்மை மட்டும் போதாது, தொழிலாளர் பிரதிநிதிகளில் பாதிக்கு மேல் ஒத்துக்கொண்டால்தான் அது முடிவு. இல்லையென்றால் 60 நாளுக்குள் சங்கம் வழியாகச் சமரச அதிகாரியிடம் போகலாம்.

கேள்வி: வேலைச்சுமையைக் கூட்ட எங்கள் ஒர்க்ஸ் கமிட்டியில் கையெழுத்து போட்டுவிட்டார்கள். எங்களைக் கட்டுப்படுத்துமா சார்?

கட்டுப்படுத்தாது. 1960-லேயே நார்த்புரூக் ஜூட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது: பணி நிலைமைகளை மாற்றுவது ஒர்க்ஸ் கமிட்டியின் வேலை இல்லை, அது சங்கத்துக்கு மாற்றும் இல்லை. கேன்டீன், குடிதண்ணீர், ஃபேன், பஸ் எல்லாம் தாராளமாகப் பேசலாம்.

ஆனால் கூட்டத்தில் பேசியதை எழுதும் மினிட்ஸ் நோட்டில் ஒரு கண் இருக்கட்டும். எங்கள் நோட்டில் கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவே நாலு விரல் இடம் விட்டிருந்தார்கள், அடுத்த மாதம் பார்த்தால் அங்கே டீ நேரத்தைக் குறைக்க ஒப்புதல் என்று ஒரு வரி ஏறியிருக்கிறது! அன்று எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அதற்கப்புறம் கடைசி வரியை ஒட்டிக் கோடு கிழித்துவிட்டுத்தான் கையெழுத்து, உடனே செல்போனில் ஒரு படம்.

கேள்வி: கம்பெனியின் இயக்குநர் போர்டிலேயே தொழிலாளிக்கு ஒரு சீட் கிடைக்காதா?

தனியார் கம்பெனியில் சட்டப்படி கிடையாது. நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பு என்று அரசியலமைப்பில் 43ஏ பிரிவை 1976-ல் சேர்த்தார்கள், 1990-ல் மசோதாவும் வந்தது, சட்டமாகவில்லை. ஜெர்மனியில் 2,000 பேருக்கு மேல் இருக்கும் கம்பெனிகளில் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் தொழிலாளர் தரப்புக்கு. 1918-லேயே சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்ட ஊர் இது, நாம் ஏன் கேட்கக் கூடாது?

கேள்வி: நான் ஐடி, சோழிங்கநல்லூர். எனக்கும் இந்த உரிமையெல்லாம் உண்டா?

உண்டும்மா. ஐடி ஊழியர்கள் சங்கம் வைக்கலாம் என்று தமிழக அரசே 2016-ல் தெளிவுபடுத்தியது. அடையாள அட்டையில் மேனேஜர் என்று இருந்தால் தொழிலாளி இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயப்படாதீர்கள், என்ன வேலை செய்கிறீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். தினசரி செய்வதை இன்றிலிருந்தே எழுதி வையுங்கள்.