லேப்டாப்பில் ஓடிய வெப்சைட் சர்வரில் ஏன் கலைகிறது?

கேள்வி: காரைக்குடியில் வீட்டிலேயே செட்டிநாட்டுப் பலகாரங்கள் செய்து விற்கிறேன். மகள் நான்கு பக்கங்களில் ஒரு வெப்சைட் செய்து கொடுத்தாள். டொமைனும் (தளத்தின் முகவரி) ஓராண்டு ஹோஸ்டிங்கும் (ஃபைல்களை வைக்க வாடகை இடம்) வாங்கி ஏற்றிவிட்டோம். முகவரியைப் போட்டால் தளம் வராமல் ஃபைல்களின் பட்டியல் வருகிறது. உள்ளே போனால் பாதிப் படங்களைக் காணோம். விலைப்பட்டியல் முழுக்கப் புரியாத எழுத்து. 'பாதுகாப்பற்றது' என்று பிரவுசர் சொல்கிறது. அதற்குத் தனியாகப் பணம் கட்டி எஸ்எஸ்எல் சான்றிதழ் வாங்கச் சொல்கிறார்கள். லேப்டாப்பில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஹோஸ்டிங்கை மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்லும் நான்கு கோளாறுகளில் மூன்று உங்கள் ஃபைல்களில் இருப்பவை. எந்த நிறுவனத்துக்கு மாறினாலும் கூடவே வரும். உங்கள் லேப்டாப் விண்டோஸாக இருக்கும், வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்களில் பெரும்பாலும் லினக்ஸ் என்ற வேறு இயங்குதளம் ஓடும். விண்டோஸ் கண்டுகொள்ளாமல் விடும் பலவற்றை லினக்ஸ் விடாது.

முதலில் அந்தப் பட்டியல். ஒருவர் உங்கள் முகவரியைப் போட்டதும் சர்வர் 'இண்டெக்ஸ் டாட் ஹெச்டிஎம்எல்' என்ற ஃபைலைத் தேடும். அது இல்லையென்றால் உள்ளே இருப்பதை அப்படியே பட்டியல் போட்டுக் காட்டும். சில சர்வர்கள் அதையும் காட்டாமல் 403 என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடும். முகப்புப் பக்கத்துக்கு 'ஹோம்' என்று பெயர் வைத்திருக்கிறீர்களா, முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். நோட்பேடில் சேமித்திருந்தால் பெயரின் வாலில் 'டாட் டிஎக்ஸ்டி' ஒட்டிக்கொண்டிருக்கலாம். விண்டோஸ் அந்த வாலை மறைத்தே காட்டும் என்பதால் லேப்டாப்பில் தெரியாது, ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனல் பக்கத்தின் ஃபைல் மேனேஜரில் தெரிந்துவிடும்.

பெயர் சரியாக இருந்தும் பட்டியல் வருகிறதென்றால் இடம் தவறு. ஃபோல்டரை ஜிப் செய்து ஏற்றி, அங்கே பிரித்திருப்பீர்கள். அப்போது 'பப்ளிக் ஹெச்டிஎம்எல்' என்ற ஃபோல்டருக்குள் உங்கள் ஃபோல்டர் ஒன்று தனியாக உட்கார்ந்துவிடும், பக்கங்கள் அதற்குள் இருக்கும். உள்ளே இருப்பவை எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரு படி மேலே, பப்ளிக் ஹெச்டிஎம்எல்லுக்கு நேரே நகர்த்துங்கள். அதன் பிறகும் 403 வந்தால் பெர்மிஷனை, அதாவது யார் திறக்கலாம் என்ற அனுமதி எண்ணைப் பாருங்கள்: ஃபைல்களுக்கு 644, ஃபோல்டர்களுக்கு 755.

படங்களுக்கு வருவோம். 'முறுக்கு டாட் ஜேபிஜி' என்று பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதி, ஃபைலின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தால், விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. லினக்ஸுக்கு அவை இரண்டு தனித்தனி ஃபைல்கள். பாதிப் படம் வந்து பாதி வராததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சில கேமராக்கள் கடைசி மூன்றெழுத்தைப் பெரிதாகப் போடும், வாட்ஸ்அப்பில் வந்தவை சின்னதாக இருக்கும், இரண்டும் கலந்திருக்கும். எல்லாப் பெயர்களையும் சின்ன ஆங்கில எழுத்துக்கு மாற்றுங்கள். இடைவெளி வேண்டாம், தேவையானால் நடுவே சிறு கோடு போடுங்கள். பக்கத்திலும் அதே பெயரைத் திருத்துங்கள். படத்தின் முகவரி எங்காவது 'சி டிரைவ்' என்று தொடங்கினால் அது உங்கள் வீட்டு லேப்டாப்பைக் காட்டுகிறது, இணையத்தில் யாருக்கும் திறக்காது. எந்தப் படம் வரவில்லை என்று கண்ணால் தேடிக் கொண்டிருக்க வேண்டாம். பிரவுசரில் எஃப்12 பொத்தானை அழுத்தி, 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்து, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். கிடைக்காதவை சிவப்பில் 404 என்று நிற்கும்.

கையோடு படங்களின் எடையையும் குறையுங்கள். போனில் எடுத்த ஒரு படம் 3, 4 எம்பி இருக்கும். பத்துப் பலகாரம் என்றால் 40 எம்பி. கிராமத்துச் சிக்னலில் அதைத் திறக்க யாரும் காத்திருக்க மாட்டார்கள். 1200 பிக்சல் அகலம் தாராளம், ஒவ்வொன்றும் 200 கேபிக்குள் அடங்கும். ஐபோன் படங்கள் 'ஹெச்இஐசி' வகையில் இருந்தால் ஜேபிஜி ஆக்கிவிடுங்கள், குரோமில் அந்த வகை தெரியாது.

விலைப்பட்டியலின் புரியாத எழுத்து மூன்று விதமாக இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. உற்றுப் பாருங்கள்.

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. டிடிபி கடையில் அச்சடித்த விலைப்பட்டியலிலிருந்து நகலெடுத்து ஒட்டியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அந்த எழுத்துரு உங்கள் லேப்டாப்பில் இருப்பதால் தமிழாகத் தெரிந்தது, வாடிக்கையாளரின் போனில் அது கிடையாது. பாமினியை, எல்லாக் கருவிகளிலும் தெரியும் பொது எழுத்துமுறையான யூனிகோடாக மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் நிறைய உண்டு, மாற்றி ஒட்டுங்கள். தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-இல். டிடிபி கடைகளில் பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ'-யும், வட்டத்துக்குள் 'ஆர்' எழுதிய குறியும் திரும்பத் திரும்ப வந்தால், உங்கள் எழுத்து சரியான யூனிகோட்தான். அதை யூடிஎஃப்-8 என்று பிரவுசருக்குச் சொல்லும் வரி அந்தப் பக்கத்தில் விட்டுப்போயிருக்கிறது. மற்ற மூன்று பக்கங்களில் 'ஹெட்' தொடங்கியதும் 'மெட்டா சார்செட்' என்று ஒரு வரி இருக்கும், அதை அதே இடத்தில் இங்கும் சேர்க்கச் சொல்லுங்கள். லேப்டாப்பில் இருக்கும் ஃபைலைத் திறக்கும்போது பிரவுசர் தானே ஊகித்துக்கொள்ளும், இணையத்தில் வருவதற்கு அந்தச் சலுகை இல்லை.

வெறும் கேள்விக்குறிகளாக இருந்தால் சிரமம். ஃபைலை 'ஆன்சி' என்ற முறையில் சேமித்துவிட்டீர்கள், தமிழ் அழிந்துபோயிற்று. மறுபடி தட்டச்சு செய்து, யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துச் சேமிக்க வேண்டும். திருத்திய ஃபைலை ஏற்றிய பிறகும் பழையதே தெரிந்தால் கன்ட்ரோல்-எஃப்5 அழுத்துங்கள்.

அப்புறம் எஸ்எஸ்எல். உங்கள் தளத்துக்கும் பார்ப்பவரின் பிரவுசருக்கும் நடுவே போகும் தகவலுக்குப் போடும் பூட்டு அது. உங்கள் தளத்துக்கு அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய அவசியமே இல்லை. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் இலவசமாகத் தருகிறது. காசு கொடுத்து வாங்குவதும் இதே பூட்டைத்தான் போடும். சிபேனலில் 'எஸ்எஸ்எல் ஸ்டேட்டஸ்' என்ற இடத்தில் 'ஆட்டோ எஸ்எஸ்எல்' இருக்கிறதா பாருங்கள், இருந்தால் ஓட விடுங்கள். டொமைனை வேறு இடத்தில் வாங்கியிருந்தால், முகவரியைத் தேடுபவருக்கு உங்கள் தளம் எங்கே இருக்கிறது என்று காட்ட, ஹோஸ்டிங்காரர் தந்த நேம்சர்வர் பெயர்களை அங்கே போட்டிருக்க வேண்டும். அது உலகம் முழுக்கப் பரவ ஒன்றிரண்டு நாள் ஆகலாம், அதற்கு முன் சான்றிதழ் கிடைக்காது. கிடைத்ததும் ஹெச்டிடிபிஎஸ்ஸை, அதாவது பூட்டுப் போட்ட இணைப்பைக் கட்டாயமாக்கும் பொத்தானை இயக்கிவிடுங்கள். இலவசச் சான்றிதழை அறவே தர மறுக்கும் நிறுவனமாக இருந்தால், புதுப்பிக்கும்போது விட்டுவிடுங்கள். நான்கு எளிய பக்கங்களை கிளவுட்ஃபிளேர் பேஜஸ் போன்ற இடங்களில் இலவசமாகவே வைக்கலாம், எஸ்எஸ்எல்லும் சேர்ந்தே வரும். கிட்ஹப் பேஜஸை மட்டும் தவிருங்கள், வியாபாரத் தளம் நடத்த அதன் விதி இடம் தருவதில்லை. டொமைன் கணக்கு உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில் இருக்க வேண்டும். ஹோஸ்டிங்கை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், டொமைன் கைவிட்டுப் போனால் மீட்பது பெரும்பாடு.

நீங்கள் கேட்காத ஒன்று. தொடர்புப் பக்கத்தில் பெயர், ஆர்டர் நிரப்பும் படிவம் வைத்திருந்தால், அது வேலை செய்யாது. வெறும் ஹெச்டிஎம்எல் யாருக்கும் மெயில் அனுப்பாது, பின்னால் பிஹெச்பி போன்ற ஒரு நிரல் வேண்டும். ஆர்டர் எங்கும் போய்ச் சேராமல், நிரப்பியவர் உங்கள் பதிலுக்காகக் காத்திருப்பார். படிவத்தை எடுத்துவிட்டு வாட்ஸ்அப் இணைப்பு ஒன்று வையுங்கள். 'டபிள்யூஏ டாட் எம்இ', ஒரு சாய்கோடு, பிறகு 91 சேர்த்த உங்கள் பத்து இலக்க எண். கூட்டல் குறியோ முன்னால் பூஜ்யமோ போடக் கூடாது. போனில் தொட்டதும் உங்களோடு பேசும் பெட்டி திறக்கும்.