'பாம்புக்குக் கால் வரைவது' என்ற சீன மரபுத்தொடர் எப்படி வந்தது? சீனர்கள் இன்றும் அதைப் பேச்சில் பயன்படுத்துகிறார்களா?

பயன்படுத்துகிறார்கள். என்னைப் பார்த்தே ஒருவர் சொல்லியிருக்கிறார். அதைப் பாராட்டு என்று நினைத்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றவன் நான்.

நீங்கள் ஏதோ சீனத் தொடரில் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு ஷென்ஜென் நகரில், எல்இடி விளக்கு செய்யும் ஒரு கம்பெனியில், தரச் சோதனைப் பிரிவில் அறிமுகமானது. காய்கறிக்காரரிடம் விலை பேசும் அளவுக்குத்தான் அப்போது சீனம் தெரியும். வெளிநாட்டு வாடிக்கையாளர் சாம்பிளைப் பார்த்துச் சரி என்று சொல்லியாகிவிட்டது. சோதனை அறிக்கையை அனுப்பினால் ஆர்டர் கைக்கு வந்துவிடும். இரண்டு பக்கம் போதும். நான் ராத்திரி உட்கார்ந்து, 'மேலும் செய்யக்கூடிய மேம்பாடுகள்' என்று படம், அம்புக்குறி எல்லாம் போட்டு இன்னும் இரண்டு பக்கம் சேர்த்தேன்.

காலையில் லாவ்பான் (முதலாளியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) புரட்டிப் பார்த்தார். மூன்றாம் பக்கத்தில் சிரித்தார். "ஹுவா ஷ தியென் ட்ஸு" என்றார். அதற்குள் போன் வர, பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார். பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் அர்த்தம் கேட்டேன். அவருக்கு இங்கிலீஷ் பாதிதான் வரும். "பாம்பு, வரைவது, கால்" என்று சொல்லி இரண்டு விரலை மேசைமேல் நடக்க விட்டுக் காட்டினார்.

வேறு யாராவது இருந்தால் குழம்பியிருப்பார்கள். நான் தமிழன் ஆயிற்றே! பாம்பின் கால் பாம்பறியும். 'பாம்பறியும் பாம்பின கால்' என்று பழமொழி நானூற்றிலேயே இருக்கிறது. அறிவாளியின் அறிவு இன்னொரு அறிவாளிக்குத்தான் தெரியும் என்று பொருள். ஆக, லாவ்பான் என் திறமையைக் கண்டுகொண்டுவிட்டார். நாலு பக்கத்தையும் அனுப்பினேன்.

இவ்வளவு குறை இருப்பதாக நீங்களே எழுதியிருப்பதால், அவற்றைச் சரிசெய்து புது சாம்பிள் அனுப்புங்கள் என்று பதில் வந்தது. மூன்று வாரம் போயிற்று. லாவ்பான் கத்தவில்லை. வெள்ளைப் பலகையில் ஒரு பாம்பு வரைந்தார், நாலு கால் போட்டார். "இது என்ன?" என்றார். பல்லி என்றேன். "அவர் பாம்புதானே கேட்டார்?" என்றார்.

அப்புறம்தான் கதையைத் தேடிப் படித்தேன். 'ஜான்குவோ ட்ஸ' என்ற பழைய நூலில் இருக்கிறது. ஹான் அரச மரபின் காலத்தில் லியு ஷியாங் என்பவர் தொகுத்தது. சீனா பல நாடுகளாகப் பிரிந்து கிடந்த காலம். கி.மு. 323 வாக்கில் சூ நாட்டுத் தளபதி சாவ் யாங், வெய் நாட்டை அடித்து எட்டு ஊர்களைப் பிடித்துவிட்டு, அந்தச் சூட்டோடு சீ நாட்டின் மேலும் படையைத் திருப்புகிறார். சீ மன்னருக்காக சென் ஜென் என்பவர் தூது போய் ஒரு கதை சொல்கிறார். பூசை முடிந்து வேலையாட்களுக்கு ஒரு கிண்ணம் மது கிடைக்கிறது. எல்லோரும் குடித்தால் போதாது, ஒருவர் குடித்தால் தாராளம். தரையில் பாம்பு வரைவோம், முதலில் முடிப்பவருக்கே மது என்று பேசிக்கொள்கிறார்கள். ஒருவன் சட்டென்று முடித்துவிட்டான். இடது கையில் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, "கால்கூடப் போடுவேன்" என்று வலது கையால் வரைய ஆரம்பித்தான். அது முடிவதற்குள் இன்னொருவன் தன் பாம்பை முடித்துக் கிண்ணத்தைப் பிடுங்கி, "பாம்புக்கு ஏது கால்?" என்று குடித்துவிட்டான்.

தளபதிக்கு உறைத்தது. அவர் ஏற்கெனவே பெரிய பதவியில் இருந்தார். அதற்கு மேலே பிரதம மந்திரி பதவி ஒன்றுதான், அதில் ஆள் இருந்தது. இனி ஜெயித்தாலும் கிடைக்க ஒன்றுமில்லை, செத்தால் இருப்பதும் போகும். படையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

இன்று நல்ல படத்துக்கு ஒட்டுப்போட்டது போல் ஒரு கடைசிக் காட்சி, எளிமையான பெட்டியின்மேல் தங்க நிறப் பூ, எல்லாவற்றுக்கும் இதைச் சொல்கிறார்கள். தன்னடக்கமாகவும் வரும்: ஒருவர் பேசி முடித்ததும், "நானும் பாம்புக்கு ஒரு கால் போடுகிறேன்" என்று தொடங்குவார்கள். பெரியவர்கள் செய்த வேலையைப் பார்த்து மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஜப்பானியர்கள் இதையே 'தாசோகு', பாம்புக்கால், என்று சுருக்கிவிட்டார்கள்.

தமிழில் இல்லாததா என்று யாராவது வருவார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது இது இல்லை ஐயா. அங்கே பிள்ளையாரே வரவில்லை. இங்கே பாம்பு ஒழுங்காக வந்துவிட்டது. வேலியில் போன ஓணானை வேட்டியில் விட்ட கதை கொஞ்சம் பக்கத்தில் வரும், ஆனால் அதில் கைத்திறன் காட்டும் ஆசை கிடையாது. உச்சரிப்பைத் திருத்த வருபவர்களுக்கு: தமிழ் எழுத்தில் இவ்வளவுதான் முடியும்.

இதை ஊரில் சொன்னால் எங்கள் சித்தப்பா ஒரே கேள்விதான் கேட்பார்: "அங்கே பாம்பு திம்பாங்களாமே?" ஆறு வருஷம் இருந்திருக்கிறேன். சம்பளம் வந்ததா, சாப்பிட்டாயா என்று ஒரு தடவை கேட்டதில்லை. குவாங்துங் மாகாணத்தில் 2020-இல் தடை வரும்வரை பாம்பு சூப் இருந்ததுதான், நான் குடித்ததில்லை, போதுமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த நாலாம் பக்கத்தில் ஒயர் கிளிப்பை மாற்றச் சொல்லி எழுதியிருந்தேன். அடுத்த மாடலில் மாற்றினார்கள்.