சென்னை – சிங்கப்பூர்: தூரமும் நேரமும்

கேள்வி: ஐயா, மகளைப் பார்க்கச் சிங்கப்பூர் போகிறேன். டிக்கெட்டில் சென்னையில் இரவு 11.15க்குப் புறப்பாடு, அங்கே காலை 6.00க்கு வருகை என்றிருக்கிறது. திரும்பும்போது இரவு 8.00க்குக் கிளம்பி 9.45க்கே சென்னை. போக ஆறேமுக்கால் மணி நேரம், வர ஒன்றேமுக்கால்தானா?

பதில்: இரண்டுமே நான்கேகால் மணி நேரம்தான் அம்மா. டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர்க் கடிகார நேரம். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போகும்போது அதைக் கழியுங்கள், வரும்போது கூட்டுங்கள். அழைக்க வருபவரிடமும் அந்த ஊர் நேரத்தையே சொல்லுங்கள். நான் ஒருமுறை இந்திய நேரப்படி 'மூன்றரை' என்று சொல்லித் தொலைத்தேன். பாவம், மைத்துனர் அங்கே விடியற்காலை மூன்றரைக்கே சாங்கி விமான நிலையத்துக்கு வந்து, மூன்று காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

கேள்வி: ஜெட் விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் பறக்குமே, நான்கு மணி நேரத்துக்கு மேல் ஏன்?

பதில்: வான்வழித் தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர். முழு வேகத்திலேயே பறந்தால் மூன்றேகால் மணி நேரம் போதும். ஆனால் டிக்கெட் நேரம், விமானம் இங்கே நிற்குமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்பதுவரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, வேகம் குறைத்து இறங்குவது எல்லாம் அதில் அடக்கம்.

கேள்வி: திருச்சி தெற்கே இருப்பதால் அங்கிருந்து கிட்டம்தானே?

பதில்: இல்லை, ஏறக்குறைய 60 கிலோமீட்டர் கூடுதல். திருச்சி தெற்கே மட்டுமல்ல, மேற்கேயும் தள்ளி இருக்கிறது.

கேள்வி: பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறது. அப்படியானால் மேற்கே வரும் விமானம் சீக்கிரம் வர வேண்டாமா?

பதில்: ஓடும் ரயிலில் மேல் படுக்கையிலிருந்து தண்ணீர் பாட்டில் நழுவினால் நேர் கீழேதான் விழும் தம்பி, பின்பெட்டிக்குப் பறக்காது. பூமியோடு காற்றும் சேர்ந்தே சுற்றுகிறது. நேரத்தை மாற்றுவது அந்தக் காற்றின் வீச்சுதான். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தரையில் காற்று மேற்கிலிருந்து வரும். விமானம் பறக்கும் உயரத்திலோ கிழக்கிலிருந்து வரும். ஆகவே ஜூலையில் போகிறவருக்கு எதிர்க்காற்று. திரும்புகிறவரை அதே காற்று பின்னாலிருந்து தள்ளிவிடும்.

கேள்வி: இவ்வளவு தூரத்துக்கு இரண்டரை மணி நேர வித்தியாசம் அதிகமில்லையா?

பதில்: நல்ல கேள்வி. சூரியனைக் கேட்டால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் என்று சொல்லும். கிழக்கு மேற்காக இரு ஊர்களுக்கும் இடையே சுமார் 24 பாகை (டிகிரி). பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம். மீதியெல்லாம் அரசாங்கம் செய்த வேலை. மலேசியா முழுவதும் ஒரே நேரமானபோது, சிங்கப்பூரும் 1982 தொடக்கத்தில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிக்கொண்டது. அதனால்தான் அங்கே காலை ஏழு மணிக்குத்தான் விடிகிறது.

கேள்வி: (முதலில் கேட்ட அம்மாவே) ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஏதாவது தெரியுமா?

பதில்: வங்கக் கடல்தான். பகலாக இருந்து மேகமும் இல்லாவிட்டால், பாதி வழி தாண்டியதும் நிக்கோபார் தீவுகள் தெரியலாம். உங்களுடையது இரவு விமானம், தூங்குங்கள்.