நேர்காணலுக்குப் போகாமலே தோற்கலாமா?

தம்பி,

"ப்ளேஸ்மென்ட்டுக்குப் பேர் கொடுக்கல சார், எப்படியும் இங்கிலீஷ்ல மாட்டிக்குவேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி, தமிழ் வழி, 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ், மூன்றாம் ஆண்டு முடியும்வரை ஓர் அரியர்கூட இல்லை. இதையும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள், ஏதோ குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல. இதுவரை எந்த நிறுவனமும் உங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னவர் நீங்கள் ஒருவர்தான்.

அந்த 7.5 சதவீதத்தைப் பற்றி முதலில் பேசிவிடலாம். சீட் வாங்கத்தான் அது உதவியது. முதல் செமஸ்டர் கணிதத்தில் உங்களைத் தேர்ச்சி பெற வைத்தது எந்த ஒதுக்கீடும் இல்லை. ஆங்கிலத்தில் அச்சான புத்தகத்தைப் படித்து, ஆங்கிலத்திலேயே விடை எழுதித் தேறியிருக்கிறீர்கள். ஆக, உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது உண்மையில்லை. நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை என்பதுதான் உண்மை. முதலாவதை நினைத்தால் மலைப்பாக இருக்கும். இரண்டாவதற்கு இன்று சாயங்காலமே வேலையைத் தொடங்கலாம்.

நேர்காணல் என்றதும் கோட் போட்டவர் சரளமாகக் கேள்வி கேட்பதும், நீங்கள் திக்கித் திணறுவதும்தான் உங்கள் மனதில் ஓடுகிறது. பல கம்பெனிகளில் முதல் சுற்று கணினி முன்னால்தான்: ஆப்டிடியூட், கோடிங். ஆங்கிலப் பகுதி வந்தாலும் பெரும்பாலும் வாசித்து விடையைத் தேர்ந்தெடுப்பதாகத்தான் இருக்கும். டெக்னிக்கல் சுற்றில் லிங்க்டு லிஸ்ட்டை (ஒவ்வொன்றும் அடுத்ததைச் சுட்டும் தரவுச் சங்கிலியை) தலைகீழாக்கச் சொன்னால், நீங்கள் பேப்பரில் போடும் அம்புக்குறிகளைத்தான் முதலில் பார்ப்பார்கள். கடைசியில் வரும் எச்.ஆர். சுற்றில் பேசித்தான் ஆகவேண்டும். வாடிக்கையாளரோடு பேசும் வேலைகளுக்கு ஆங்கிலப் பேச்சைத் தனியாகவே சோதிக்கும் கம்பெனிகளும் உண்டு. அவற்றில் ஒன்றிரண்டு கைவிட்டுப் போகலாம். அதற்காக எல்லாவற்றையும் நாமே கைவிடுவது என்ன கணக்கு?

முதலாமாண்டு செமினாருக்கு வயிற்றுவலி என்று சொல்லித் தப்பித்ததாக எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஒதுங்கினால் அந்த நிமிடமே நிம்மதி கிடைக்கிறது. 'ஒதுங்கினதாலதான் பிழைச்சோம்' என்று மனம் பதிந்துகொள்கிறது. அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரம் வருகிறது. செமினாரில் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது உங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. நடக்காத ஒன்றுக்கு நீங்களாகவே முடிவு எழுதி, மூன்று வருஷமாக அதை நம்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

நேர்மறையாக யோசி என்று எல்லோரும் சொல்கிறார்கள் என்று சலித்துக்கொள்கிறீர்கள். நியாயம்தான். கண்ணாடி முன் நின்று 'நான் ஜெயிப்பேன்' என்று சொல்லச் சொல்பவர்கள் மேல் எனக்கும் பெரிய மரியாதை கிடையாது. கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் 2002-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பட்டம் முடித்து வேலை தேடிய மாணவர்களைத் தொடர்ந்து கவனித்தார். நல்ல வேலை கிடைத்துவிட்டதாக இனிக்க இனிக்கக் கனவு கண்டவர்கள் குறைவாகவே விண்ணப்பித்தார்கள். கிடைத்த வேலையும் குறைவு, சம்பளமும் குறைவு. 'எனக்குக் கிடைக்க வாய்ப்பிருக்கிறது' என்று எதிர்பார்த்தவர்களுக்கோ பலன் நன்றாக இருந்தது. அந்த எதிர்பார்ப்பு, முன்னால் செய்து முடித்தவற்றிலிருந்து வருவது. உங்களுக்கு அப்படிப்பட்ட கையிருப்பு நிறையவே இருக்கிறது. எடுத்துப் பார்க்காததுதான் குறை.

அதனால் 'நான் பிரமாதமாகப் பேசுவேன்' என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். உங்கள் மனமே நம்பாது. 'என் ப்ராஜெக்ட்டைப் பற்றி இரண்டு நிமிடம் என்னால் சொல்ல முடியும்' என்று சொல்லிக்கொள்ளுங்கள். பிறகு அது உண்மையாகும்வரை வேலை செய்யுங்கள். முதலில் தமிழில் எழுதுங்கள். அதைச் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக்குங்கள். போனில் பதிவு செய்து கேளுங்கள். முதல் பதிவைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். அழித்துவிடாதீர்கள், பத்து நாள் கழித்து ஒப்பிடத் தேவைப்படும். ஹாஸ்டலில் ஒருவரிடம் சொல்லிக்காட்டுங்கள், பிறகு மூன்று பேரிடம். கேள்வி புரியாவிட்டால் 'குட் யூ ப்ளீஸ் ரிபீட் தட், சார்?' என்று கேட்பது குறையே அல்ல. நன்றாகப் பேசுபவர்களும் கேட்கிறார்கள்.

அன்றைக்கு நெஞ்சு படபடக்கும். அதை அடக்கப் போராட வேண்டாம். ஹார்வர்டின் அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட சோதனைகளில், மேடையேறும் முன் தங்களை அமைதிப்படுத்திக்கொள்ள முயன்றவர்களைவிட, 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். பயத்துக்கும் உற்சாகத்துக்கும் படபடப்பு ஒன்றுதான். வைக்கும் பெயர்தான் வேறு.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்கிறேன். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால், இந்தக் கடிதம் போதாது. 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலேயே.

பெயர் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று எழுதியிருந்தீர்கள். வியாழனன்றே படிவத்தைக் கொடுத்துவிட்டு, ப்ராஜெக்ட் பற்றிய அந்தப் பக்கத்தைத் தமிழில் எழுதி எனக்கு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அதை வைத்து போனில் ஒரு மாதிரி நேர்காணல் நடத்திவிடலாம்.